டகோட்டாவில் எழுதிய பெயர்

மூஞ்சிக்கல் தெருவில் கித்தேரியம்மாளைப் பற்றி யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "மெட்ராஸ்ல நர்சுக்குப் படிச்சவ. கண்ணு முன்னால பிள்ளை துடிச்சாலும் ஒரு ஊசி போட மாட்டா. கல்நெஞ்சுக்காரி." பத்து வருஷமாக அவள் அந்தப் பெயரோடுதான் கொடைக்கானலில் காலம் தள்ளினாள். அவள் நர்சுக்குப் படிக்கவே இல்லை என்பது அவளுக்கும், அவள் அண்ணன் அலெக்சாண்டருக்கும், அண்ணிக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி.

அந்தச் சங்கதி 1962-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் வெளியே வந்தது. ஒரு மர ஏரோப்பிளேனால் வந்தது.

பஸ் நிலையத்துக்கு எதிரே சேனாதிபதி ஒரு டிக்கெட் ஏஜென்சி வைத்திருந்தார். பழனிக்காரர். அடிவாரத்தில் அவர் குடும்பத்துக்குப் பஞ்சாமிர்தக் கடை உண்டு. கூடப் பிறந்தவர்களோடு ஒத்துப்போகாமல் மலை ஏறி வந்தவர். கொடை ரோடு ரயிலைப் பிடிக்க பஸ் டிக்கெட், மதுரையிலிருந்து போகும் ஏரோப்பிளேனுக்கு டிக்கெட், இரண்டும் அவரிடம் கிடைக்கும். பஸ் டிக்கெட் விற்கும். ஏரோப்பிளேன் டிக்கெட் மாதத்துக்கு ஒன்று போனால் பெரிது. "கண்ணால பாத்தாத்தான் ஜனங்க ஏறும்" என்று சொல்லி, ஓர் ஆசாரியைப் பிடித்து, சில்வர் ஓக் மரத்தில் பழைய டகோட்டா விமானம் ஒன்றைச் செய்யச் சொன்னார். நிஜ விமானத்தில் இருபத்துநாலில் ஒரு பங்கு. இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு நாலடி.

மே மாதக் கண்காட்சியில் மாதிரி உருவங்களுக்கென்று ஒரு கோப்பை உண்டு. முதலில் அந்தக் கோப்பை, பிறகு கோப்பையும் விமானமும் ஆபீஸ் கண்ணாடிக்குள். இதுதான் சேனாதிபதியின் திட்டம். ஆனால் கண்காட்சிக்கு ஒரு விதி இருந்தது. கற்பனை உருவங்களைச் சேர்க்க மாட்டார்கள். நிஜமாக இருந்த ஒன்றின் உருவமாக இருக்கவேண்டும். எந்தக் கம்பெனியுடையது, என்ன நிறம், என்ன எழுத்து, அதற்கு ஆதாரம் என்ன என்று ஓர் அட்டையில் எழுதி முன்னால் வைக்கவேண்டும்.

சாயம் அடிக்கப் பெருமாள்மலையிலிருந்து பொன்னுவேல் வந்தான். மலைப்பாதையில் ஓடுகிற லாரிகளில் பாதிக்கு நெற்றி எழுத்து அவன் கைதான். சுவரில் தொங்கிய, சர்க்கார் விமானக் கார்ப்பரேஷனின் காலண்டரைக் காட்டி, "இதே மாதிரி அடிச்சிருடா" என்றார் சேனாதிபதி. காலண்டரில் விமானம் மேகத்துக்கு மேலே, உள்ளங்கை அளவு தெரிந்தது. பொன்னுவேல் அதை ஒரு தடவை பார்த்தான். பிறகு சாக்கட்டியை எடுத்து, விமானத்தின் மூக்குக்குப் பக்கத்தில், வலது புறம், ஒரு கதவு வரைந்தான்.

கித்தேரி மூலையில் உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருந்தாள். அந்த ஆபீசில் அவளுக்கு ஆறு வருஷ வேலை. தேவைக்கு மேல் பேசமாட்டாள்.

"அங்க கதவு கெடையாது" என்றாள்.

பொன்னுவேல் திரும்பிப் பார்த்தான். "பின்ன டிரைவரு எப்படி ஏறுவாராம்? கண்ணாடியத் தொறந்து குதிப்பாரா?"

"பின்னால இடப்பக்கம் ஒரு கதவு. அவரும் அதுலதான் ஏறணும். ஏறி, மேட்டுல நடக்குற மாதிரி முன்னால போகணும்."

"ஏரோப்பிளேனுக்குள்ள மேடா? ஏம்மா, அது என்ன கொடைக்கானலா?"

"வாலுப்பக்கம் குட்டிச் சக்கரம். முன்னால பெருசு. நிக்கிறப்ப மூக்கு தூக்கிக்கிட்டுத்தான் நிக்கும். கடைசி சீட்டுல இருந்து மொத சீட்டுக்குப் போறதுக்குள்ள கெண்டைக்கால் வலிச்சுரும்."

"மொதலாளி, டைப்பம்மா என்னமோ ஏரோப்பிளேன்லயே பொறந்து வளந்த மாதிரி பேசுது" என்று பொன்னுவேல் சிரித்தான். "நாங்க வண்டி பாக்காதவங்களா? டிரைவருக்குக் கதவு இல்லாத வண்டி உலகத்துல உண்டா?"

அவன் சிரித்தது கித்தேரிக்குப் பொறுக்கவில்லை. எழுந்து வந்து, சாக்கட்டிக் கோட்டைப் புறங்கையால் அழித்தாள். "எங்க பிளேன்ல வலப்பக்கம் கதவு கெடையாதுன்னா கெடையாது" என்றாள்.

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது. சேனாதிபதி மேசையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"எங்க பிளேனா?"

கித்தேரியின் தகப்பனார் ஒரு மிஷன் பங்களாவில் சமையல்காரர். மகளைக் கன்னியர் பள்ளியில் பத்தாவது முடியப் படிக்க வைத்தார். படிப்பு முடிந்து, வேலை ஒன்றும் கிடைக்காமல், அவள் ஒரு தோட்டத்தில் பேரிக்காய்க்குக் காகிதம் சுற்றிப் பெட்டியில் அடுக்கப் போனாள். காகிதம் என்றால் பழைய இங்கிலீஷ் பேப்பர். ஒருநாள் அப்படி ஒரு காய்க்குச் சுற்றப்போன தாளில் விளம்பரம் ஒன்று பார்த்தாள். காவேரி ஏர்வேஸ் என்று மெட்ராசில் ஒரு புதுக் கம்பெனி. விமானத்தில் பயணிகளைக் கவனிக்கப் பெண்கள் வேண்டும். இங்கிலீஷும் தமிழும் தெரியவேண்டும். தாள் மூன்று வாரப் பழசு. அவள் அந்தத் தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். தகப்பனார் சரி என்றார். அண்ணன் அலெக்சாண்டர் வேண்டாம் என்றான். தகப்பனார் உயிரோடு இருந்ததால் அவள் போனாள்.

அது 1948. அவளுக்கு இருபது வயது.

காவேரி ஏர்வேசுக்கு மொத்தம் இரண்டே விமானம். சண்டையில் சிப்பாய்களை ஏற்றிய டகோட்டாக்கள். சண்டை முடிந்து மிஞ்சியதை வாங்கி, இருபத்தாறு சீட்டு போட்டிருந்தார்கள். ஆளை நிறுத்துப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். கித்தேரியையும் தினமும் தராசில் நிறுத்துவார்கள். காதில் வைக்கப் பஞ்சு, வாயில் போடப் பெப்பர்மின்ட், வாந்தி எடுக்கக் காகிதப் பை, இவைதான் அவள் கையில் இருந்த ஆயுதங்கள். மெட்ராஸ், பெங்களூர், திருச்சி என்று அலைந்தாள். மழைக்காலத்தில் விமானம் குலுங்கும்போது பெரிய பெரிய மிராசுதார்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார்கள். தரையிறங்கியதும் அவளைப் பார்க்காத மாதிரி போய்விடுவார்கள். அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. எல்லாமே அவளுக்குப் பிடித்திருந்தது.

1952-இல் கம்பெனி திவாலானது. அடுத்த வருஷம் சர்க்கார் மற்ற கம்பெனிகளை எடுத்து ஒரே கார்ப்பரேஷனாகச் சேர்த்தபோது, சேர்ப்பதற்குக் காவேரி ஏர்வேஸ் என்று ஒன்று இல்லை. இரண்டு விமானங்களையும் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள். தகப்பனாரும் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார். கித்தேரி ஒரு டிரங்குப் பெட்டியோடு ஊர் திரும்பி, அண்ணன் வீட்டு வாசலில் நின்றாள்.

அலெக்சாண்டர் அப்போது மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் ஸ்டோர் கீப்பர். தங்கை எங்கே என்று கேட்டவர்களிடம் எல்லாம் மெட்ராசில் நர்சு படிப்பு என்று சொல்லி வைத்திருந்தான். வந்த அன்றைக்கே அவள் பெட்டியைத் திறந்து, யூனிபாரம், வேலைக்கு எடுத்த கடிதம், சக ஊழியர்களோடு எடுத்த ஒரே போட்டோ, எல்லாவற்றையும் வெந்நீர் அடுப்பில் போட்டான். "இந்த வீட்டுல இருக்கணும்னா நீ நர்சு" என்றான். போக வேறு இடம் இல்லாததால் அவள் சரி என்றாள். அதைத் தன் வாழ்க்கையின் பெரிய தப்பு என்று அவள் பின்னால் நினைத்தாள்.

ஏனென்றால் நர்சு என்றால் சும்மா விடுவார்களா? காய்ச்சல் என்று வந்தார்கள், கட்டி என்று வந்தார்கள். அவள் முடியாது என்றாள். ஒரு ஆகஸ்டு மழையில் எதிர்வீட்டு ராக்காயி, வலிப்பு வந்த இரண்டு வயசுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து அவள் மடியில் போட்டாள். கித்தேரிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பிள்ளையின் கண் மேலே சொருகுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஏதாச்சும் செய்யி, ஏதாச்சும் செய்யி" என்று ராக்காயி கத்தினாள். அலெக்சாண்டர் பக்கத்தில்தான் நின்றான். இவள் நர்சு இல்லை என்று அவனும் சொல்லவில்லை. கடைசியில் யாரோ பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பிள்ளை பிழைத்தது. அன்றிலிருந்து கித்தேரி தெருவில் நடந்தால் ராக்காயி காறித் துப்புவாள்.

இதெல்லாம் சேனாதிபதிக்கு அன்றைக்கு அவள் சொல்லவில்லை. விமானத்தில் வேலை பார்த்ததை மட்டும் சொன்னாள். கூரை வெள்ளை. வயிறு வெறும் அலுமினியம். ஜன்னல்களுக்குக் கீழே ஒரு நீலக்கோடு. ஜன்னல்களுக்கு மேலே கம்பெனி பெயர், சிவப்பில். வாலில் ஒரு குடம், குடத்துக்குக் கீழே மூன்று அலை. சொல்லச் சொல்ல அவள் குரல் உயர்ந்துகொண்டே போனது.

சேனாதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காகிதம் ஏதாச்சும் இருக்கா?"

"எரிச்சாச்சு."

"போட்டோ?"

"அதுவும்தான்."

"அப்ப நீங்க சொல்றதுதான் ஆதாரம். இந்த ஊருல நீங்க சொன்னா எவன் நம்புவான்?" என்றவர், சற்று யோசித்து, மேசையைத் தட்டினார். "இருந்தாலும் பரவாயில்ல. கார்ப்பரேஷன் கலரை எவன் வேணும்னாலும் காலண்டரைப் பாத்து அடிப்பான். இந்த விமானத்தில் வேலை பார்த்த பெண்மணி எங்கள் ஆபீசில் இருக்கிறார்னு அட்டையில போட்டா, கோப்பை நமக்குத்தான். உங்க பேரைப் போடுவேன். மூணு நாளு பக்கத்துல நின்னு வர்றவங்களுக்குச் சொல்லணும். சம்மதமா? இல்ல, கார்ப்பரேஷன் கலரே போதுமா? நாளைக்குக் காலையில சொல்லுங்க. பொய்யின்னு மட்டும் தெரிஞ்சுது, அன்னிக்கே உங்க சீட்டைக் கிழிச்சிருவேன்."

அவருக்கு அவள்மேல் பிரியமோ மரியாதையோ கிடையாது. கோப்பைதான் கண்ணில் இருந்தது. அது கித்தேரிக்குத் தெரியும். தெரிந்தும், இத்தனை வருஷத்தில் முதன்முதலாக ஒருவர் அந்த நிறங்களைக் கேட்டு எழுதிக்கொண்டதை நினைத்தபடியே அவள் வீட்டுக்கு நடந்தாள்.

அவள் வீடு போய்ச் சேருவதற்கு முன்பே சேதி போய்விட்டது. பொன்னுவேல் டீக்கடையில் சொல்லியிருந்தான். அலெக்சாண்டர் வாசலிலேயே நின்றான்.

"ஏய் கித்தேரி, கடைத்தெருவுல என்னத்தச் சொல்லித் தொலச்ச?"

"உள்ளதைச் சொன்னேன்."

"எது உள்ளது? இந்த ஊருல நான் சொன்னதுதான் உள்ளது. பத்து வருஷமா சோறு போட்டவன் நான்."

"நாலு வருஷம் போட்டீங்க. பெறகு என் சம்பளத்தை வாங்கிக்கிட்டுப் போட்டீங்க."

"வாயி, வாயி! இந்த வாயிதான் உன்னை வாழவிடாம அடிச்சுது." அவன் குரலைத் தாழ்த்தினான். உள்ளே மகள் அருள்மணி இருந்தாள். "வத்தலக்குண்டு கோயில் உபதேசியார் வீட்டுல இருந்து பிள்ளையப் பாக்க வர்றாங்க. மே மாசம் முடியிறதுக்குள்ள கல்யாண ஓலை எழுதணும்னு பேச்சு. அத்தைக்காரி ஆகாயத்துல ஆம்பளைகளுக்கு ஊத்திக் குடுத்தவன்னு தெரிஞ்சா, இந்த வீட்டுப் படியில கால் வைப்பாங்களா?"

"மதராஸ் மாகாணத்துல அப்ப மதுவிலக்குண்ணே. தரையிலயே கெடைக்காது. மேல எங்க இருந்து ஊத்துறது? டீயும் ஆரஞ்சுச் சாறும்தான் குடுத்தேன்."

"எதையோ ஊத்துன. ஊத்துனயா இல்லையா?"

"பூசையில சாமியாரும்தான் திராட்சரசம் ஊத்துறாரு."

அவன் கையை ஓங்கிவிட்டான். அண்ணி வந்து குறுக்கே நின்றாள். அவளும் கித்தேரியைப் பார்த்து, "எம்மக வாழ்க்கையில மண்ண அள்ளிப் போட்றாத தாயி. அந்தக் கட்டைக்கு எந்தச் சாயம் அடிச்சா ஒனக்கு என்ன?" என்றாள்.

அந்தக் கேள்வியைத்தான் கித்தேரி நெடுநேரம் யோசித்தாள். எந்தச் சாயம் அடித்தால் என்ன? கார்ப்பரேஷன் சாயம் அடித்தால் ஒரு தொல்லையும் இல்லை. அருள்மணிக்குக் கல்யாணம் ஆகும். சேனாதிபதி இரண்டு நாள் முறைப்பார், அவ்வளவுதான். ஆனால் அவள் இருந்த விமானத்தின் தகட்டைக்கூட உருக்கிவிட்டார்கள். காகிதம் எரிந்துவிட்டது. இனி ஒரு தடவை அந்தப் பெயரை எங்கேயாவது எழுதாமல் விட்டால், அவள் நர்சாகவே சாகவேண்டியதுதான். ராக்காயி துப்பினது துப்பினதாகவே நிற்கும்.

மறுநாள் காலையில் ஆபீசுக்குப் போய், "காவேரி கலரே அடிங்க" என்றாள்.

பொன்னுவேல் வெள்ளை அடித்தான். அலுமினியம் அடித்தான். நீலக்கோட்டை நூல் பிடித்தாற்போல் இழுத்தான். குடத்தையும் அலையையும்கூட வரைந்தான். பெயர் எழுதும் இடம் வந்ததும் தூரிகையைக் கீழே வைத்துவிட்டான்.

"அந்தக் கம்பெனி இப்ப இருக்கா?"

"இல்ல. திவாலாயிருச்சு."

"பிளேனு?"

"உடைச்சு வித்துட்டாங்க."

"அப்ப நான் எழுத மாட்டேன்."

"ஏன்?"

"ஏனா? மலைரோட்டுல கேட்டுப் பாருங்க. உருண்டு போன வண்டிப் பேரை இன்னொரு வண்டியில எவனாச்சும் எழுதுவானா? எழுதுனா எழுதுன கைக்கு ஆகாது. எங்க மாமன் அப்படி ஒரு பேரை எழுதி, மூணாம் நாளு சாரத்துல இருந்து விழுந்தாரு. செத்த கம்பெனி, செத்த வண்டி. ரெண்டுந்தான் சேந்து கெடக்கு. நான் பிள்ளை குட்டிக்காரன்."

"இது மரக்கட்டைடா" என்றார் சேனாதிபதி.

"சக்கரம் இருக்குல்ல? சக்கரம் இருந்தா வண்டிதான். நல்ல பேரா ஒண்ணு சொல்லுங்க, இப்பவே எழுதறேன். பழனி ஆண்டவர் துணைன்னு மூக்குல போடவா?"

எவ்வளவு சொல்லியும் அவன் அசையவில்லை. கடைசியில் கித்தேரியே தூரிகையை எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆபீசுக்கு விடுமுறை. பூசைக்கு மணி அடிக்கும்போது அவள் ஆபீஸ் பூட்டைத் திறந்தாள். கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

டைப் மிஷினில் அவள் விரல் பொய் சொல்லாது. தூரிகை வேறு சங்கதி. இங்கிலீஷில் பெயரை எழுத, முதல் எழுத்து நன்றாக வந்தது. இரண்டாவது பருத்தது. நடுவே ஓர் எழுத்து கால் வளைந்து, நொண்டுகிற மாதிரி நின்றது. துடைத்துவிட்டு மறுபடி எழுதினாள். மறுபடியும் நொண்டியது. மறுபக்கம் எழுதும்போது இடம் போதாமல் கடைசி எழுத்துகள் நெருக்கி அடித்தன. வாலுக்குப் பக்கத்தில், வி.டி. என்று தொடங்கும் பதிவு எழுத்துகளையும் எழுதினாள். அவற்றை யாரிடமும் கேட்கவேண்டியிருக்கவில்லை.

கண்காட்சிக்குக் கொண்டுபோகிற அன்று இன்னொரு கூத்து நடந்தது. புதுவண்டி வெளியே போகும்போது சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கவேண்டும் என்று சேனாதிபதி பிடிவாதமாக நின்றார். சக்கரம் ஒவ்வொன்றின் கீழும் ஒரு பழம் வைத்து, சூடம் காட்டி, விமானத்தின் முதுகில் கையை ஊன்றி ஓர் அழுத்து அழுத்தினார். பழம் நசுங்கவில்லை. இடது பக்கச் சக்கரத்தின் கால்தான் மளுக்கென்று ஒடிந்தது.

"நான் அப்பவே சொன்னேன், அந்தப் பேரு ஆகாதுன்னு" என்றான் பொன்னுவேல்.

"வாயை மூடுலே! பசையக் கொண்டா வெரசா."

இரண்டு தீக்குச்சியை முட்டுக் கொடுத்து, பசை போட்டு ஒட்டி, அப்படியே தூக்கிக்கொண்டு போனார்கள்.

கண்காட்சியில் மூன்று நாளும் கித்தேரி விமானத்துக்குப் பக்கத்தில் நின்றாள். அட்டையில் அவள் பெயரும், எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை என்பதும் இருந்தன. வெளியூர்க்காரர்கள் படித்துவிட்டு ஏதாவது கேட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் படித்துவிட்டுச் சிரித்தார்கள்.

"ஏலே, நம்ம நர்சம்மா ஏரோப்பிளேன் ஓட்டுச்சாம்டா!"

"ஊசி போடத் தெரியாது, ஆகாயத்துல பறக்கத் தெரியுமாக்கும்!"

"எழுத்தப் பாத்தா பிளேனே தண்ணியப் போட்டுட்டு வந்த மாதிரி இருக்கு."

கதவு எங்கே இருந்தது, தரை எப்படிச் சரிந்திருந்தது, கேட்டவர்களுக்கு அதை மட்டும் அவள் சொன்னாள். நடுவர்கள் வந்து, அட்டையைப் படித்து, எழுத்துகளைப் பார்த்து, குனிந்து தீக்குச்சியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கோப்பை ஒரு படகுக்குப் போனது.

திங்கட்கிழமை காலையில் சேனாதிபதி யார் முகத்தையும் பார்க்கவில்லை. "அந்த நொண்டி எழுத்தைச் சுரண்டி எடு. கார்ப்பரேஷன் பேரை எழுதிக் கண்ணாடிக்குள்ள வை" என்று பொன்னுவேலிடம் சொன்னார். பொன்னுவேல் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தான். சிவப்புத்தூள் மேசையில் உதிர்ந்தது. கித்தேரி டைப் அடித்தாள். வேலை போகவில்லை, சீசன் நேரத்தில் வேறு டைப்பிஸ்டுக்கு எங்கே போவார்?

பதினொரு மணி பஸ்ஸில் மாப்பிள்ளையின் தகப்பனார், வத்தலக்குண்டு உபதேசியார் மரியஅந்தோணி வந்து இறங்கினார். வீட்டுக்குப் போகவில்லை. நேரே ஆபீசுக்கு வந்தார். அவரை அழைக்கப் பஸ் நிலையத்துக்கு வந்திருந்த அலெக்சாண்டர், "வீட்டுக்குப் போவோம் வாங்க, காப்பி குடிச்சிட்டுப் பேசுவோம்" என்று பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு வந்தான். மரியஅந்தோணி ஒல்லியான மனுஷர். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கித்தேரியின் மேசைக்கு முன்னால் நின்றார்.

"நீதான் பொண்ணோட அத்தையா?"

அவள் எழுந்து நின்றாள். "ஆமாங்கய்யா."

"மெட்ராஸ்ல நர்சுக்குப் படிச்சதா உங்க அண்ணன் சொன்னாரு. நேத்து எங்க ஊருல ஒருத்தன் கண்காட்சியில வேற மாதிரி ஒரு அட்டை பாத்தேன்னு சொல்றான். எது மெய்யி?"

அலெக்சாண்டர் முந்திக்கொண்டான். "அது சும்மா விளம்பரத்துக்கு எழுதுனதுங்க. மொதலாளிக்குக் கோப்பை வேணும்னு ஆசை. அவரு எழுதச் சொன்னாரு, இது தலையாட்டிருச்சு." அவன் கண்ணில் விமானம் பட்டது. "அந்தா பாருங்க, சுரண்டி எடுக்குறாங்க. மெய்யா இருந்தா எதுக்குச் சுரண்டுறாங்க? நீங்களே சொல்லுங்க."

மரியஅந்தோணி விமானத்தைப் பார்த்தார். ஒரு பக்கம் முழுக்க அழிந்திருந்தது. மறுபக்கம் முதல் மூன்று எழுத்துதான் மிச்சம். பொன்னுவேல் கையை நிறுத்திவிட்டு, யார் என்ன சொல்லப்போகிறார்கள் என்று வேடிக்கை பார்த்தான். சேனாதிபதி ஒரு கணக்குப் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

அலெக்சாண்டர் தங்கையைப் பார்த்தான். அவன் பார்வையில் அதட்டல் இல்லை. கெஞ்சல் இருந்தது. அதைப் பார்க்கத்தான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு தலையாட்டல் போதும். அருள்மணி பிறந்த குழந்தையாக இருந்தபோது அவளைக் குளிப்பாட்டியவள் கித்தேரிதான்.

"அட்டையில எழுதுனது மெய்யிங்கய்யா. மூணு வருஷம் எட்டு மாசம் அந்தப் பிளேன்ல வேலை பாத்தேன். நர்சுக்குப் படிக்கல. ஒரு நாளும் படிக்கல."

"ஏய்!" என்றான் அலெக்சாண்டர்.

மரியஅந்தோணி குடையை மறுகக்கத்துக்கு மாற்றினார். "எங்க வீட்டுப் பொம்பளைங்க பறந்ததும் இல்ல. எங்க வீட்டு ஆம்பளைங்க பத்து வருஷம் ஒரே பொய்யச் சொன்னதும் இல்ல" என்றார். "அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?"

"பன்னெண்டே காலுக்கு" என்றாள் கித்தேரி. அது அவள் வேலை. அவளே டிக்கெட்டும் எழுதிக் கொடுத்தாள். அவர் அதை வாங்கும்போது அவள் விரல் படாமல் வாங்கினார்.

அவர் போனதும் அலெக்சாண்டர் ஆபீஸ் நடுவில் நின்று கத்தினான். "கல்லறைக்குப் போனாலும் உன்னை மன்னிக்க மாட்டேன். சாயங்காலத்துக்குள்ள உன் பெட்டி என் வீட்டுல இருக்கக் கூடாது."

"அவரு சொன்னது என்னை மட்டும் இல்லண்ணே."

"போடி!"

"வீட்டுச் சண்டைய வீட்டுல வச்சுக்கங்கப்பா, கடையில ஆளு வர்ற நேரம்" என்றார் சேனாதிபதி, தலையைத் தூக்காமலே. பொன்னுவேல் மிச்சமிருந்த மூன்று எழுத்தையும் தேய்த்து முடித்தான்.

சாயங்காலம் கித்தேரி வீட்டுக்குப் போனபோது அவள் டிரங்குப் பெட்டி வாசல்படியில் கிடந்தது. பக்கத்தில் அருள்மணி நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"கல்யாணம் நின்னு போச்சு, அத்தே."

"தெரியும்."

"இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? ஒரே ஒரு வார்த்தை."

"சொல்லியிருக்கலாம்" என்றாள் கித்தேரி.

வேறு ஏதாவது சொல்லுவாள் என்று அந்தப் பெண் காத்திருந்தாள். தான் செய்தது நியாயம் என்று கித்தேரி சொன்னால் அது அருள்மணிக்கு எதற்காகும்? தப்பு என்று சொன்னால் மறுபடியும் ஒரு பொய். அவள் குனிந்து பெட்டியைத் தூக்கினாள். ஒரு கை பிடிக்க அருள்மணி வரவில்லை. கித்தேரி தெருவில் நாலு எட்டு வைப்பதற்குள் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை வீட்டில் அவளுக்கு ஓர் அறை கிடைத்தது. வீட்டுக்காரி கதவைத் திறக்கும் முன்பு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீதான் அந்த ஏரோப்பிளேன்காரியா?" என்று கேட்டாள். கேட்ட விதத்தில் நல்லெண்ணம் ஒன்றும் இல்லை.

"நான்தான்" என்று சொல்லிவிட்டு, கித்தேரி பெட்டியோடு உள்ளே போனாள்.